மாப்பிள்ளை வரும் சீன்

"என்ன மாப்பிள்ளை, இடைவேளையே வந்தாச்சு, உங்களை இன்னும் காணோமே! நான் கண் சிமிட்டின நேரத்துல வந்துட்டுப் போயிட்டீங்களா?"

பெயின்ட் கடை வைத்திருக்கும் மாமனார் பாப்கார்னை மென்றபடி கேட்டார்.

"படம் முழுக்க வர்றேன் மாமா" என்று மாப்பிள்ளை மறுபடியும் சொல்லிவிட்டு, காபி வாங்க எழுந்து போனார்.

"உன் புருஷன் நல்லா கரடி விடறாரும்மா" என்றார் மாமனார் மகளிடம். "நடையைப் பாரு, இடது காலை இழுத்து இழுத்து! இந்த நடைக்கு எவன் சினிமால சான்ஸ் கொடுப்பான்? கடைசி வரைக்கும் ஆளைக் காணோம்னா, திங்கட்கிழமையிலருந்து என் கடைல பெயின்ட் கலக்கட்டும்."

மகள் பாப்கார்ன் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

சின்ன வயதில் மாமனார் பார்த்து உருகிய கார்ட்டூன் படம் அது. இப்போது நிஜ மனிதர்களை வைத்துத் திரும்ப எடுத்திருந்தார்கள். வழி தவறிய சிறுமியைக் காப்பாற்றும் கரடி மட்டும் முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்தது என்று போஸ்டரே பீற்றிக்கொண்டது.

படம் மீண்டும் தொடங்கியது. மாமனார் ஒவ்வொரு கூட்டத்திலும் மாப்பிள்ளையைத் தேடினார். "அந்த மரத்துக்குப் பின்னாடி நிக்கிறது நீங்களா? சேச்சே, அது புதர்!"

கடைசியில், அடிபட்ட கரடி சிறுமியைத் தோளில் சுமந்துகொண்டு ஆற்றைக் கடந்தது. மாமனாரால் தாங்க முடியவில்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விளக்கு எரிந்ததும் குரலைச் சரிசெய்துகொண்டார். "நடிப்புன்னா அது, மாப்பிள்ளை! உயிரில்லாத கம்ப்யூட்டர் கரடி என்னை அழ வச்சிருச்சு. உங்களுக்கு என் கடைதான் சரி."

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே படியிறங்கினார். முன்வரிசைக் குழந்தை ஒன்று அவர் காலை இழுத்து நடப்பதையே பார்த்துவிட்டுக் கத்தியது.

"அம்மா, கரடி போகுது!"

"சும்மா இரு! அங்கிளை அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்று அதன் அம்மா அதட்டினாள்.

"பாப்பாவைத் திட்டாதீங்க" என்ற மகள், அப்பா பக்கம் திரும்பினாள். "படம் வெளியாகி முதல் ஷோ முடியற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு கம்பெனியில கண்டிஷன்ப்பா. உடம்பு முழுக்கப் பச்சை உடுப்பு மாட்டிக்கிட்டு நடந்தது, உருண்டது, அந்தப் பொண்ணைத் தூக்கிட்டு ஆத்துல இறங்கினது எல்லாம் இவர்தான். கம்ப்யூட்டர் போட்டது மேல இருந்த ரோமத்தை மட்டும்தான்."