அசையாத முள்

நான் ஓட்டிய பைக்கிலிருந்து விழுந்துதான் என் நண்பன் சற்குணத்தின் கால்கள் செயலிழந்தன. அந்தக் குற்றவுணர்வில் கல்யாணம்கூட வேண்டாமென்று இருந்துவிட்டேன். ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் டேங்க் மேல் இருபக்கமும் பேசக்கூடிய ஹாம் ரேடியோவைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஏறுகிறேன். வழியில் காண்பதையெல்லாம் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் மைக்கில் சொல்வேன். ஊரில், கட்டிலில் படுத்தபடி அவன் கேட்பான். ஏற ஏற அவன் குரல் தேயும், சிக்னல் காட்டும் முள் சரியும். ஏழாவது வளைவில் மலை குறுக்கே வந்து குரலை விழுங்கிவிடும். அங்கிருந்து திரும்பிவிடுவேன்.

இன்று அடிவாரத்திலிருந்தே முள் முழு சிக்னலைக் காட்டும் கடைசிக் கோட்டில் நின்றது. "புது ஆன்டெனாவா?" என்றேன்.

"பழசுதான்டா. நீ சொல்லு, குரங்கெல்லாம் இருக்கா?"

சொன்னேன். ஏழாவது வளைவு வந்தது. முள் அசையவில்லை. எட்டாவதைத் தாண்டினேன், ஒன்பதாவதையும். காதுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவன் போல, "கட்டில்ல கெடந்து கெடந்து முதுகெல்லாம் புண்ணுடா" என்றான்.

வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். பேசும் பொத்தானை அமுக்கினால்தான் இங்கிருந்து எதுவும் அவனுக்குக் கேட்கும். விரலை அதன் பக்கமே கொண்டுபோகவில்லை. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். பாதையில் யாரும் இல்லை. முள் கடைசிக் கோட்டிலேயே நடுங்காமல் நின்றது.

"ஏன்டா வண்டிய ஓரங்கட்டிட்ட?" என்றான் சற்குணம். "பெட்ரோல் தீந்துபோச்சா?"