காதில் சொல்ல ஒரு பெயர்

திரை மறுபடியும் நீலமானது.

அவள் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். ரேம் அட்டையை உருவி, பென்சில் ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகினாள். கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் அடித்துக் கொடுத்தே பழகிய கை. இந்தக் கம்ப்யூட்டரின் சீக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.

கூடத்தில் சொந்தபந்தம் நிறைந்திருந்தது. தொட்டிலில் பூச்சரம் சுற்றியாகிவிட்டது. மகள் புவனாவின் மடியில் பச்சைப் பெண் குழந்தை. பெயர் சூட்டுகிற நாள்.

அவர்கள் வீட்டில் தாத்தாதான் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும்.

தாத்தாவுக்குக் குரல் இல்லை.

வாழைத்தார் மண்டியில் ஏலம் கூவிய குரல் அது. மைக் கேட்காத குரல். தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது புவனாவுக்கு ஏழாம் மாதம். ஆபரேஷனுக்கு முதல் நாள் அவர் இந்த மேஜை முன்னால் வந்து உட்கார்ந்தார். சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, போட்டோ எடுக்க வந்தவரைப் போல.

பிறக்கப்போவது எது என்று தெரியாது. பையன் என்றால் இளம்பரிதி. பெண் என்றால் வான்மதி. ஒவ்வொன்றையும் மூன்று முறை சொன்னார். இரண்டு கோப்புகளாக அவள் பதிந்துகொண்டாள்.

"தார் ஏலம் விடுற மாதிரியே கத்துறீங்களே. புள்ள பயந்துராதா?"

"பயப்படட்டும். மண்டிக்காரன் பேத்தின்னு தெரிய வேணாமா?"

பேத்தி என்றுதான் அவர் வாயில் வந்தது.

செல்போன் தொலையும், கம்ப்யூட்டர்தான் பத்திரம் என்று சொன்னவள் அவள்தான்.

நேற்றுச் சாயங்காலம் அந்த இரண்டையும் பென் டிரைவுக்கு மாற்ற உட்கார்ந்தாள். மாறிக்கொண்டிருக்கும்போதே வானம் இடித்தது.

இடி என்றால் அவருக்கு ஆகாது. கல்யாணமான நாள் முதல் ஒரே சத்தம்தான். "இடி இடிக்குது, பிளக்கைப் புடுங்குடி!" டிவியோ மிக்ஸியோ, எது ஓடினாலும் பிடுங்கிவிட வேண்டும்.

நேற்று யாரும் சத்தம் போடவில்லை. அவர் வாசலில் மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆனாலும் அந்தப் பழைய சத்தம் அவள் காதில் விழுந்தது.

கை தானாகப் போனது. ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் பிளக்கை அப்படியே பிடுங்கினாள்.

அதிலிருந்துதான் இந்த நீலம்.

இந்த முறை கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்கிறதாம். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி! முதல்ல கம்ப்யூட்டருக்குப் பேரு வச்சுட்டு, அப்புறந்தான் புள்ளைக்கா? நல்ல நேரம் போகுது, வாங்க!"

நாத்தனாரின் குரல். கூடமே சிரித்தது.

கம்ப்யூட்டர் எழுந்தது. முனகிக்கொண்டு, ஒவ்வொரு படமாகக் காட்டியது. அவள் கோப்புறையைத் திறந்தாள்.

இரண்டு பெயர்களும் இருந்தன. போன உயிர் திரும்பி வந்தது.

வான்மதியை அழுத்தினாள்.

திறக்க முடியவில்லை என்றது.

வேறொரு பிளேயரில் போட்டாள். அதுவும் அதையேதான் சொன்னது. பென் டிரைவைச் செருகிப் பார்த்தாள். அதில் அந்தப் பெயரே ஏறியிருக்கவில்லை. கெட்டுப்போன கோப்பைச் சரிசெய்யும் சாஃப்ட்வேர் ஒன்று வைத்திருந்தாள். அதை ஓட்டினாள். அது தேடித் தேடிப் பார்த்துவிட்டு, உள்ளே வெறும் பூஜ்ஜியங்கள்தான் என்றது.

ஸ்பீக்கரில் ஏதாவது கோளாறோ? அசட்டு நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையில் மற்றதை அழுத்தினாள்.

"இளம்பரிதி!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இளம்பரிதி! இளம்பரிதி!"

ஒரு பிசிறில்லை. ஒரு கரகரப்பில்லை. மண்டியில் நின்று கூப்பிட்ட மாதிரி இருந்தது.



"அய்யோ, எங்கண்ணன் குரலு..." நாத்தனார் விசும்பினாள்.

அவர் அறை வாசலில் வந்து நின்றார். கையில் குழந்தை. கழுத்துத் துளையை மூடிய துணிகூட விசேஷத்துக்காக மாற்றிக் கட்டியது. தன் குரலைக் கேட்ட பளபளப்பு கண்ணில் இன்னும் இருந்தது. அடுத்த பெயருக்காகக் காத்து நின்றார்.

அவள் எதையும் அழுத்தவில்லை.

"இடி இடிச்சுதுங்க" என்றாள், திரையைப் பார்த்தபடியே. "நான்தான் புடுங்கிட்டேன்."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த பிளக்கைப் பார்த்தார்.



அவர் குழந்தையை உயர்த்தினார். அதன் காதுக்குக் குனிந்தார். உதடுகள் அசைந்தன. வாயிலிருந்து மூச்சுகூட வரவில்லை. அது கழுத்துத் துணிக்குள்ளிருந்து வந்தது. குழந்தையின் காதோர முடி லேசாக ஆடியது.

நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். மறுபடியும் உதடுகள் அசைந்தன.

மூன்றாம் முறை அவர் குனியவில்லை.

குழந்தையை, அதன் காது அவள் உதட்டருகே வரும்படி நீட்டினார்.