எத்தனை இஞ்ச் ஆணி

ஜன்னலோரக் கதிரை காலியாக இருந்தது. கணபதிக்கு அது நிம்மதியாக இருந்தது.

மனைவி பேச்சியம்மாவின் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கண் வாசலில் இருந்தது.

தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள். முடி கொட்டியதிலிருந்து வீட்டில் பழைய துவாய்தான். மஞ்சள் துணி செவ்வாய்க்கிழமைக்கு மட்டும். ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டி ஆஸ்பத்திரி வரை பஸ்ஸில் கணபதி அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் கதிரையில் லோரன்ஸ் இருப்பான். கெலிஓயாவில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன். அவனுக்கும் புற்றுநோய். அவனுக்கும் அதே மருந்து.

தண்ணீர்கூட ஆணியை நக்கினாற்போல் இருக்கிறது என்று பேச்சியம்மா ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து கணபதி நாலு மணிக்கே எழும்பி, கொத்தமல்லி அவித்து பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வருகிறார். இரண்டு மிடறு குடித்துவிட்டு மூடி வைப்பாள்.

அதையே லோரன்ஸிடம் சொன்னாள். அவன் கேட்டான்: “எத்தன இஞ்ச் ஆணி அக்கா? நம்ம கடையில எல்லா சைஸும் இருக்கு.”

ஆறு மாதமாகச் சிரிக்காதவள் சிரித்தாள்.

நோயாளி மேல் பொறாமையா என்று கணபதி தன்னையே ஏசிக்கொண்டார். அடுத்த செவ்வாயும் பொறாமைப்பட்டார்.

“ஏங்க, கீழ போயி பாத்துட்டு வாங்களேன். அந்தத் தம்பி ஒரு நாளும் பிந்த மாட்டாரு.”

போனார். திரும்பி வர நேரம் பிடித்தது.

“கீழதான் நின்னாரு. ரத்தம் கொறைவாம். இன்னைக்கு ஊசி இல்லைன்னு அனுப்பிட்டாங்களாம்.”

“ஒன்னும் சொல்லலியா?”

கணபதி பிளாஸ்கின் மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“பழைய ஆணி துருப்புடிச்சிருக்கும், புதுசு அனுப்பவான்னு அக்காகிட்ட கேக்கச் சொன்னாரு.”

பேச்சியம்மா சிரித்தாள். மருந்துக் குழாய் ஆடும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்த வாயோடு கொத்தமல்லித் தண்ணீரை வாங்கி, அரைக் கோப்பை குடித்தாள்.

“நாப்பது வருசத்துல நீங்க இப்புடி ஒரு வார்த்த பேசியிருப்பீங்களா? அதுக்கெல்லாம் அந்தத் தம்பிதான்.”

சொன்னது நான்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

அவர் கீழே போனபோது மருந்து கொடுக்கும் இடத்தில் லோரன்ஸின் மகள் ஷெரோன்தான் நின்றிருந்தாள். வெள்ளை உடுப்பு. மிச்சமிருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். அடக்கம் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டதாம்.

“அடுத்த கெழம வருவாருல்ல?” பேச்சியம்மா கேட்டாள்.

“வருவாரு.”

அடுத்த செவ்வாய் லோரன்ஸ் என்ன சொல்வார் என்று கணபதி இப்போதே யோசிக்க ஆரம்பித்தார்.