ஏக்கனைட் மோதிரம்

மடவளையில், இரத்தினக்கல் கடை வாசலின் காலை வெயிலில், பளீல் ஒரு பச்சைக் கல்லை நாக்கால் ஈரமாக்கித் தூக்கிப் பார்க்கிறார். மகள் நஸ்லியா மேசையில் வைத்த கதிர்வீச்சு மானி படபடக்கிறது. "வாப்பா, நக்காதீங்க! எத்தின தரம் சொல்றது? இது ஏக்கனைட், கதிர்வீச்சுக் கல்லு." "ஏக்கனைட்டெண்டா என்ன அர்த்தம்?" "இத மொதல்ல கண்டெடுத்த ஏக்கநாயக்கட பேரு." "நல்ல மனுசன்ட பேரு வெச்ச கல்லு கெடுதல் செய்யுமா, மகள்?" நஸ்லியாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாளை தங்கை ரபீகாவின் நிச்சயதார்த்த மோதிரத்தில் இந்தக் கல்தான் ஏறப்போகிறது. "ரபீகாட வெரல்ல ஆயுசுக்கும் கெடக்குமே, வாப்பா!" பளீலின் கை அந்தரத்தில் நிற்கிறது. "சரி, அவளுக்கு வாணாம்." கல்லைக் காகிதத்தில் மடிக்கிறார். நஸ்லியா நிம்மதியாக மூச்சுவிடுகிறாள். அவரோ பொட்டலத்தை நெஞ்சோரச் சட்டைப்பையில் போட்டுத் தட்டிக்கொள்கிறார். அவள் மானியை எடுத்து அவர் நெஞ்சருகே பிடிக்கிறாள்.