பெரியவரின் முதுகு

“இது யாரோட கைவேலைன்னு தெரியாம நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்” என்றார் சின்னவர்.

அப்போது அந்த மருத்துவமனை அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று சொல்லிவிட வேண்டும். பிற்பாடு, அங்கே இல்லாதவர்களெல்லாம் நேரில் பார்த்தது போலப் பேசினார்கள். பக்கவாதத்தில் பேச்சும் அசைவும் போய்ப் படுக்கையில் கிடந்த பெரியவர். அவர் மகன். மருமகள். மருந்துத் தட்டோடு நர்ஸ். பெரியவரின் தம்பியான சின்னவர். அவ்வளவுதான்.

சின்னவர் தினமும் பிற்பகலில் தவறாமல் வந்துவிடுவார். விளக்கு போடும்வரை முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பார். அண்ணனைப் பார்க்க வருகிறவர்களை வரவேற்பதும் வழியனுப்புவதும் அவர்தான். அண்ணனின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து உரிந்திருப்பதாக மகன் சொன்னதிலிருந்து அவருக்கு மனசு ஆறவில்லை.

“படுக்கைப் புண். இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு” என்றாள் நர்ஸ். “ஒரே இடத்துல உடம்பு அழுந்திக்கிட்டே இருந்தா வரும். விட்டா எலும்பு வரைக்கும் அரிச்சிடும், உயிருக்கே ஆபத்து. நாங்க ஒவ்வொரு தடவையும் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலையணை முட்டுக் கொடுத்துட்டுத்தான் போறோம். அப்புறம் யாரோ மாத்திடறாங்க.”

“யாரோன்னா? சுவரா வந்து மாத்தும்?”

“அதை உங்க அண்ணன்தான் சொல்லணும், ஐயா. அவருக்குப் பேச்சு வரட்டும், கேட்போம்.”

சின்னவர் ஜன்னலோரம் நின்ற மருமகளைப் பார்த்தார். “பகல் பூரா இங்க இருக்கறது நீதானேம்மா?”

“ஆமா, சின்ன மாமா.”

“மாமனார் முகத்தைப் பார்க்கப் பிடிக்கலையா? இல்ல, போனை நோண்டவே நேரம் சரியாப் போகுதா?”

அவள் போர்வை நுனியை நீவிக்கொண்டே நின்றாள்.

“சித்தப்பா, அவ அப்படிப்பட்டவ இல்ல...”

“நீ சும்மா இருடா. நம்ம குடும்பத்துல படுத்த யாருக்கும் புண் வந்ததா பேர் கிடையாது. நாலு பேர் கேட்டா எந்த முகத்தை வச்சுக்கிட்டு பதில் சொல்றது? நாளையிலேருந்து இவ இங்க வர வேணாம். வேற ஆள் போட்டுக்கலாம்.”

ஜன்னல் பக்கமாக ஒருக்களித்துக் கிடந்த பெரியவரின் கண் கசிந்தது. வலி என்று நினைத்துக்கொண்டார் சின்னவர்.

கதவு திறந்தது. மருமகளின் அப்பாவும் அம்மாவும் வாசலில் தயங்கி நின்றார்கள்.

“வாங்க சம்பந்தி, வாங்க!” சின்னவர் சட்டென்று எழுந்தார். அவர் கைகள் தாமாகவே அண்ணனின் தோளுக்கும் இடுப்புக்கும் போயின. “என்ன அண்ணே இது? வந்தவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நீ என்னைக்குப் படுத்திருக்கே?”

முட்டுக் கொடுத்திருந்த தலையணையை அவர் உருவப் போனபோது மருமகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம், மாமா.”

“தினமும் இப்படித்தானா?” என்று மெல்லக் கேட்டாள் நர்ஸ்.

மருமகள் தலை நிமிரவில்லை. “சின்ன மாமா கிளம்பினதும் திருப்பி விட்டுடுவேன், சிஸ்டர். பெரிய மனுஷர் எதிர்ல உட்கார்ந்திருக்கும்போது எப்படி...”

சின்னவரின் கை அண்ணனின் தோளிலேயே நின்றுபோனது.

மருமகள் கவனிக்காததால்தான் பெரியவருக்குப் புண் வந்தது, அதனால் அவளை மருத்துவமனைப் பக்கமே வரவிடவில்லை என்று சொந்தபந்தங்களுக்குள் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. சுத்தப் பொய். அவள் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. புண் ஆறும்வரை அந்த அறைக்குள் கால் வைக்காமல், வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களை அங்கேயே வரவேற்று அங்கேயே வழியனுப்பியவர் சின்னவர்தான்.