வெறும் எழுத்து

படம் மூன்றாவது முறையும் போகவில்லை.

அவள் மடியில் குழந்தை. எதிரே கட்டிலில் மடிக்கணினி. கப்பலிலிருந்து தானாகத் திரும்பி வந்த ஒற்றை வரி: இணைத்த படம் நீக்கப்பட்டது.

கணவன் கப்பலில் இன்ஜினியர். அங்கே இணையம் கிடையாது, கப்பலின் மின்னஞ்சல் ஒன்றுதான். அது படத்தை உள்ளே விடாது. வண்ணத்தை விடாது. தமிழ் எழுத்தைக்கூடக் கேள்விக்குறிகளாக்கித்தான் அவன் கையில் கொடுக்கும்.

அவன் வீடு திரும்ப இன்னும் ஐந்து மாதம்.

தூத்துக்குடியில் பாதிப் பேர் பிள்ளையை நேரில் பார்த்தாயிற்று. மீதிப் பேர் போனில் பார்த்தாயிற்று. மூக்கு யாருடையது, நிறம் யாருடையது என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று.

பெற்றவன் மட்டும் பார்க்கவில்லை.

காலையில் வந்த மின்னஞ்சலில் அவன் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று.

"பாப்பா யாரு மாதிரி இருக்கா?"

நாத்தனார் பெனிட்டா திரையை எட்டிப் பார்த்தாள்.

"போட்டோ போவலன்னா விடுங்க மதினி. அண்ணன் வந்து பாத்துக்கிடட்டும். எழுத்துல என்னத்தத் தெரியப் போவுது?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதுவரை சொந்த மகளின் முகம் தெரியாமலா ஒருவன் அந்த இயந்திர அறை வெக்கையில் நிற்பான்?

பதில் எழுதும் பக்கத்தைத் திறந்தாள். எந்த வடிவம் என்று கேட்டது. வண்ணமும் படமும் ஏற்கும் வடிவத்தை நம்பித்தான் மூன்று முறை மூக்குடைந்திருந்தாள்.

வெறும் எழுத்து. அதை அழுத்தினாள்.

தடித்த எழுத்துகள் மெலிந்தன. பூப்போட்ட ஓரம் காணாமல் போனது. பக்கம் துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது.

போதும். அவளுக்கு எழுதத் தெரியும்.

மூக்கைப் பற்றி எழுதவில்லை. நிறத்தைப் பற்றியும் எழுதவில்லை. பிள்ளையின் தலையை மெல்லத் திருப்பினாள். எல்லாப் போட்டோவிலும் தொப்பி மறைத்த இடம். வந்தவர்கள் ஒருவர்கூடக் கவனிக்காத இடம்.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாள்.

"இடது காது தொடங்குற இடத்துல, ஊசி குத்துன மாதிரி குட்டியா ஒரு குழி. உங்களுக்கு இருக்குமே, அதேதான்."

அனுப்பினாள்.

இந்த முறை எதுவும் திரும்பி வரவில்லை.

மாலையில் அவனிடமிருந்து பதில் வந்தது. அதுவும் வெறும் எழுத்து. இரண்டே வரி.

"இப்பத்தான் கண்ணாடி முன்னால போய் நின்னேன்.

பாத்துட்டேன்."