ஒரு விரல் இடைவெளி

பழைய உழவு மெசினின் எஞ்சின் வேப்பங்கொப்பிலிருந்து சங்கிலியில் தொங்குகிறது. சிற்றம்பலம் அதைக் கியர்ப்பெட்டியை நோக்கித் தோளால் தள்ளுகிறார். நாளைக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும்; உழவு தொடங்க வேண்டும். பாலைமரத் தடியைச் செருகி நடுப்பார்த்து இறுக்கிய கிளச் தட்டுக்குள் கியர்ப்பெட்டித் தண்டு நுழைய மாட்டேன் என்கிறது. முன்னால் ஒருவர் எஞ்சின் விசிறியைப் பிடித்து மெல்லத் திருப்பினால்தான் பற்கள் பொருந்தும். அது எப்போதும் அவர் மனைவி கமலாசனியின் வேலை. இரண்டு வருடமாக அவள் குவைத்தில் யாரோ வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள். மட்காட்டின் மேல் கிடக்கும் கைபேசியில் அவள் குரல் மட்டும் இருக்கிறது. “மெல்லச் சுத்தும்,” என்கிறார் பழக்கத்தில். “சுத்துறன். தள்ளுங்கோ,” என்கிறாள் அவளும் அங்கிருந்தே. அவர் தள்ளுகிறார். சங்கிலி கிறீச்சிடுகிறது. “ஏறிட்டுதோ?” “ஓம், ஏறிட்டுது.” “அப்ப வைக்கிறன். மேடம் கூப்பிடுறா.” திரை அணைகிறது. விசிறி அசையாமல் நிற்கிறது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே, ஒரு விரல் அகலத்துக்கு, அந்தப் பக்கத்து வெயில் தெரிகிறது.